கும்பச் சோறு வடிக்கிறவள்

வானகரம்
16.6.2025

சாமுண்டி அக்காவுக்கு மைதிலி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு வந்த நாம், இரண்டு வருஷமாக எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோம். மாமனார் கருமாதி முடிந்த அன்று எல்லையம்மன் சன்னதியில் கற்பூரம் அணைத்து, "இனிமே இவகூட ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்று நீங்கள் சத்தியம் செய்தபோது நானும் அங்கேதான் நின்றேன். பேச மாட்டேன் என்றுதானே சத்தியம்? படிக்க மாட்டேன் என்று இல்லையே. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். போனில் அனுப்பலாம் என்றால் உங்கள் போனைத் திறந்து பார்ப்பது உங்கள் வீட்டுக்காரர், மாமாதான். அவர் கண்ணில் படக்கூடாத விஷயம் இது.

சனிக்கிழமை குமணன்சாவடி மருந்துக்கடையில் உங்களைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். கடைக்காரர் நாப்கின் பாக்கெட்டுகளைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். நீங்கள் அதைக் காய்கறிப் பைக்குள் கீரைக்கட்டுக்கு அடியில் தள்ளினீர்கள். அண்ணனூரிலிருந்து குமணன்சாவடி வரை நாப்கின் வாங்க யாராவது வருவார்களா அக்கா?

யாருக்கு அது? வீட்டில் வேறு பெண் கிடையாது. உங்கள் மகள் கவிப்பிரியா முழுகாமல் இருக்கிறாள், அவளுக்குத் தேவையில்லை, அதுவுமல்லாமல் அவள் ஆவடியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். உங்களுக்கு நின்று மூன்று வருஷம் ஆகிறது. நின்ற பிறகு மறுபடி ரத்தம் வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடத்தினபோது சொன்னார்கள். நான் ஆபீஸ் அறையில் டோக்கன் கொடுத்துக்கொண்டே கேட்டேன். அது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் ஒரு வரி எழுதித் திட்டுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

மைதிலி


எல்லையம்மன் துணை
அண்ணனூர்
20.6.2025

மைதிலிக்கு.

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன்.

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். உன் அக்கறை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, சாயங்காலம் சன்னதி முன்னால் பானைச் சோற்றைக் குவித்துக் கும்பம் படைக்கிறோம். அந்தச் சோற்றை வடிக்கிற உரிமை நம்ம வீட்டோடது. தீட்டு நின்றவள்தான் அந்தப் பானையைத் தொடலாம். எனக்கு நிற்கிறவரை பங்காளி வீட்டுச் சாவித்திரி அக்கா வடித்தாள். அவள் செத்த பிறகு இரண்டு ஆடியாகத்தான் என் கைக்கு வந்திருக்கிறது. எனக்கு அடுத்து யார்? நீ. உனக்கும் போன வருஷம் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். இப்போது எனக்குத் தீட்டு என்று நீ ஊதிவிட்டால் பானை யார் கைக்கு வரும்? எனக்குக் கணக்குத் தெரியாதென்று நினைத்தாயா?

நாப்கின் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வாங்கினது. போதுமா?

நல்லது கெட்டது பேச வந்துவிட்டாய். மாமனார் கருமாதிப் பந்தியில் இலையில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றின பிறகு, டம்ளர் தண்ணியை இலையிலேயே கவிழ்த்துவிட்டு விருட்டென்று எழுந்து போனவள் நீ. செத்தவருக்காகப் போட்ட சோறு அது. ஊரே பார்த்தது. பிளாட்டுக்குக் குடிபோனதும் நம்ம வீட்டுச் சோறு உனக்கு இறங்கவில்லை. "இன்னாமே உன் ஓர்ப்படி, செத்த ஊட்ல இப்டி பண்ணிட்டுப் போறா" என்று என்னிடம்தான் எல்லோரும் கேட்டார்கள். நான் கற்பூரம் அணைத்தது சும்மா இல்லை.

இனிமேல் எழுதாதே.

சாமுண்டீஸ்வரி


வானகரம்
24.6.2025

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நெருப்பில் போட்டுவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் எதற்குக் குமணன்சாவடி வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. வானகரத்தில் எங்கள் வாசலிலேயே மருந்துக்கடை இருக்கிறது. நானும் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளிக்கிற சாமான் வாங்கத்தான் வந்தேன். பெரியவர்கள் கட்டிக்கொள்கிற டயப்பர். எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக யாரும் இல்லை. அது எனக்கு.

இருமினால் போய்விடுகிறது அக்கா. தும்மினால், சிரித்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால். இரண்டாவது பிரசவத்திலிருந்தே கொஞ்சம் உண்டு, நான்கைந்து வருஷமாக அதிகம். பஸ்ஸில் உட்கார மாட்டேன், நின்றுகொண்டே வருவேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். கட்டின புருஷன் அசோக்குக்குக்கூடத் தெரியாது. "நீ இன்னாத்துக்கு எந்த விசேசத்துக்கும் வர மாட்டேன்ற?" என்று கேட்பார், தலைவலி என்பேன்.

கருமாதியன்று என்ன நடந்தது தெரியுமா? பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பின்கட்டில் யாரோ மிளகாய் வறுத்தார்கள். நெடி ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. அடக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, வெளிர்நீலப் புடவை. எழுந்தால் பின்னால் தெரியும், உட்கார்ந்தால் நாற்காலியிலிருந்து சொட்டும். பக்கத்தில் உங்கள் சம்பந்தி வீட்டார். என் மடியில்தான் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்ளப் பார்த்தேன், டம்ளர் தவறிப் போனதுபோல் இருக்கட்டும் என்று. அவசரத்தில் பாதி இலையில் விழுந்தது. மீதியை மடியில் வாங்கிக்கொண்டு ஓடினேன். செத்தவர் சோற்றை அவமதிக்க எனக்கு என்ன பைத்தியமா? அவர்தான் என்னை அந்த வீட்டில் முதன்முதலில் மகளே என்று கூப்பிட்டவர்.

அன்று சாயங்காலம் நீங்கள் கற்பூரம் அணைத்தபோது, நிஜத்தைச் சொல்லியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். அத்தனை ஆண்கள் நடுவில் எதைச் சொல்வது? உங்கள் சத்தியத்தையே வாங்கிக்கொண்டேன்.

இப்போது கணக்குப் போடுங்கள். கும்பப் பானையை அடுப்பிலிருந்து தூக்கினால் என் கதி என்ன? எனக்கு அந்தப் பானை வேண்டாம். அது உங்களுடையது. நீங்கள் மட்டும் டாக்டரிடம் போங்கள்.

மைதிலி


எல்லையம்மன் துணை
அண்ணனூர்
2.7.2025

மைதிலி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். எரிகிற வரை பக்கத்திலேயே நின்றேன்.

அடிப் பாவி. ஒரு வார்த்தை என் காதில் போட்டிருந்தால் என் முந்தானையை உன் இடுப்பில் சுற்றி நானே கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேனா? நான்தான் உன்னை நாக்கால் சுட்டுக்கொண்டே இருந்தேன், நீ எப்படிச் சொல்வாய். அதுவும் தெரிகிறது.

எதிர்வீட்டில் பெண்ணே இல்லை. இரண்டும் பையன்கள். உனக்கும் அது தெரியும், எழுதாமல் விட்டாய்.

மாசி மாசத்திலிருந்து இருக்கிறது. முதலில் கறி கழுவின தண்ணி மாதிரி லேசாகப் பட்டது. உடம்புச் சூடு என்று நினைத்தேன். இளநீர், வெந்தயம், சீரகத் தண்ணி எல்லாம் பார்த்தாயிற்று. பங்குனியில் நின்றது, அப்பாடா என்றிருந்தேன். சித்திரையில் திரும்பவும் வந்தது, சின்ன வயசில் வருகிற மாதிரி. இப்போது பாதி நாள் இருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். கீழே துணி இல்லாமல் வாசல் தெளிக்கக்கூட முடிவதில்லை.

டாக்டரிடம் போகிறேன். ஆனால் ஆடி போகட்டும். ஆடி மூன்றாம் வெள்ளி காப்பு கட்டுகிறார்கள், அடுத்த வாரம் ஞாயிறு கும்பம். ஆவணி பிறந்ததும் நீ எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். இப்போது போனால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் பானை போச்சு.

இது என்ன பெரிய பானை என்று நீ நினைப்பாய். எட்டாவதோடு என்னை நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் ஆக்கிப் போட்ட சோற்றுக்கு, உப்புக் குறைந்த அன்றைக்கு மட்டும்தான் என் பேர் அடிபடும். கும்பத்தன்று மஞ்சள் புடவை ஈரத்தோடு நான் பானையைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஊரே விலகி வழி விடுகிறது. உங்கள் மாமா கை கூப்பிக்கொண்டு நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் எனக்குக் கை கூப்பினது அந்த இரண்டு தடவைதான். அதை எப்படி விடுவது, சொல்லு.

யாரிடமும் சொல்லிவிடாதே. முதலில் உன்னுடையதைப் போய்ப் பார். நீ என்னைவிட ஆறு வயசு சின்னவள்.

சாமுண்டி


வானகரம்
8.7.2025

அக்கா,

நீங்கள் சொன்னபடி என்னுடையதைப் பார்த்தேன். அம்பத்தூரில் டாக்டர் தேவிப்பிரியா என்று ஒருவர், நம்மைவிடச் சின்ன வயசு. எப்படித் தொடங்குவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவரே, "இருமினா போயிடுதா? அவசரமா வந்தா பாத்ரூம் வரைக்கும் தாங்குதா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். "வெளில உட்கார்ந்திருக்காங்களே, அதுல பாதிப் பேருக்கு இருக்கும்மா. யாரும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்ல மாட்டாங்க" என்றார்.

பிரசவத்தில் அடிவயிற்றுத் தசை தளர்ந்து போயிருக்கிறதாம். சிறுநீரில் பூச்சித் தொற்றும் இருந்தது, அதற்கு மாத்திரை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் போகாது என்று நான் நினைத்தது தப்பு. குடிக்காமல் இருந்ததால் எரிச்சலும் அவசரமும்தான் கூடியிருக்கிறது. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி விடுகிற பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மூன்று மாசம் விடாமல் செய்தால் பலருக்குக் குறைகிறதாம், குறையாவிட்டால் வேறு வழி இருக்கிறதாம். இத்தனை வருஷத்தை நான் எதற்குத் தொலைத்தேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. உட்கார்ந்துதான் வந்தேன்.

பிறகு உங்களைப் பற்றிக் கேட்டேன், பேர் சொல்லாமல். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நின்னு ஒரு வருஷம் தாண்டின பிறகு வர்றது பீரியட்ஸே இல்லம்மா. ஒரு சொட்டு பட்டாலும் பார்க்கணும். நிறைய பேருக்குச் சின்ன விஷயமா இருக்கும், மருந்துல சரியாகிடும். சில பேருக்குக் கர்ப்பப்பையில புற்று இருக்கும். எதுன்னு பார்த்தாத்தான் தெரியும். அதுல ஆரம்பத்துல வலியே இருக்காது. வலி வரட்டும்னு உட்கார்ந்திருக்கக் கூடாது. அவங்களை நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார்.

நீங்கள் பயப்படுகிற தீட்டே அது இல்லை அக்கா. மூக்கு உடைந்து ரத்தம் வந்தால் அது தீட்டா? உள்ளே ஒரு புண் இருந்து வடிகிறது. தீட்டு என்று ஒளித்துவைத்தால் புண் வளரும். ஆவணி வரை அது காத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கும்பத்தன்று உங்களுக்குக் கை கூப்புகிறவர்கள் யாரும் அந்தப் பொறுப்பை ஏற்க மாட்டார்கள்.

வர மாட்டேன் என்றால் நான் மாமாவிடம் சொல்வேன். மறுபடி ஒரு கற்பூரம் அணைத்தாலும் பரவாயில்லை.

மைதிலி


அண்ணனூர்
13.7.2025

மைதிலி,

மாமாவிடம் சொல்லாதே. வருகிறேன்.

உன் மிரட்டலுக்காக இல்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து சாவித்திரி அக்கா ஞாபகமாகவே இருக்கிறது. வயிற்றுக் கட்டியில் செத்தாள் என்றுதானே ஊருக்குத் தெரியும்? அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டினது நாங்கள் நான்கு பெண்கள். உள்பாவாடைக்குள் பழந்துணி மடித்து மடித்து வைத்திருந்தாள். ஊறிப் போயிருந்தது. பூசாரி பெண்சாதி சுதா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. துணியை எடுத்து மறைத்துவிட்டு மஞ்சள் பூசினோம். அவள் அந்தத் துணியோடுதான் கடைசி இரண்டு மூன்று ஆடி கும்பச் சோறு வடித்திருப்பாள் என்று நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

என்னையும் நாலு பேர் அப்படிக் குளிப்பாட்டுவார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். பேச மாட்டேன், சத்தியம் சத்தியம்தான். டாக்டரிடம் எனக்குச் சொல்ல வராததை நீ சொல்.

சாமுண்டி


வானகரம்
27.7.2025

அக்கா,

வியாழக்கிழமை ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. கதவைத் தட்டினேன், உடம்பு அசதி என்று மாமாவை விட்டுச் சொல்லி அனுப்பினீர்கள். அவருக்கு இன்னும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனால் பழையபடி எழுதுகிறேன்.

முதல் நாள் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததைப் பார்த்து நர்ஸம்மா, "இன்னாம்மா, ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டாரே, எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டபோது என் கையைப் பிடித்து, "பயமா கீது மைதிலி" என்றீர்கள். சத்தியத்தை உடைத்தது அந்த வார்த்தைதான். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று இன்னும் நினைக்கிறீர்களா? அவளும் பெண்தானே அக்கா.

புற்று என்றதும் நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு தேவிப்பிரியா சொன்னதை நான்தான் கேட்டேன். கர்ப்பப்பையைத் தாண்டிப் போனதாக ஸ்கேனில் தெரியவில்லை. எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர் கடிதம் கொடுத்த பெரிய ஆஸ்பத்திரியில் நாலாம் தேதி திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். அதை விட்டால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று தெரியாதாம்.

வெள்ளிக்கிழமை காப்பு. கட்டிக்கொண்டால் அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்றுதான் முடியும். நீங்கள் எதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கவிப்பிரியாவுக்கு ஆவணிக் கடைசியில் பிள்ளை பிறக்கப் போகிறது. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

மைதிலி


எல்லையம்மன் துணை
அண்ணனூர்
30.7.2025

மைதிலி,

உங்கள் மாமாவிடம் திங்கட்கிழமை சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "கோயில்ல ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

நேற்றுச் சாயங்காலம் கோயிலில் கூடினார்கள். பூசாரி வழக்கம்போல, "இந்த வருசமும் காப்பு சாமுண்டிக்குத்தானே?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே பெண்கள் வரிசையில் சுதா உட்கார்ந்திருந்தாள். சாவித்திரி அக்காவைக் குளிப்பாட்டின அன்று பார்த்த அதே பார்வை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எனக்கு நின்னப்புறம் ரத்தம் போவுது. மாசியிலேர்ந்து போவுது. கர்ப்பப்பையில புத்துன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. திங்கக்கெழம ஆஸ்பத்திரியில சேர்றேன்" என்றேன். "சாவித்திரி அக்காவுக்கும் இதான். நாங்க பார்த்தோம். சொல்லல."

ஆண்கள் ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தர் மேலே ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "கருமம், இதையெல்லாம் சன்னதியில பேசுவாங்களா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வேற எங்க பேசறது? ஊட்லயும் பேசக் கூடாது, ஊர்லயும் பேசக் கூடாது" என்று கேட்டேன். மாமா எழுந்து எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். போய்ப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என் புடவை எது, உள்பாவாடை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திணித்து வைத்திருந்தார். நான் உட்கார்ந்து அழுதேன், அவரும் அழுதார்.

இப்போது உன் விஷயம். காப்பு நீ கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கட்டிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு உன்னால் வர முடியாது, தெரிந்துதான் கேட்கிறேன். கூடத் தங்க கவிப்பிரியா மாமியார் வருகிறேன் என்கிறார். நம்ம வீட்டுப் பானை நின்றுவிடக் கூடாது. தூக்க முடியாது என்றால் முடியாது என்று சொல். சொல்லிப் பார், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

சாமுண்டி


அண்ணனூர்
11.8.2025

அக்கா,

வார்டில் உங்களிடம் போன் இல்லையாம். மாமா கிளம்புகிறார், இதை ஒட்டி அவர் கையில் கொடுக்கிறேன். பிரிக்க மாட்டேன் என்று அவரே சொன்னார். நல்லபடியாக எடுத்துவிட்டார்கள் என்று அவர் வந்து சொன்ன அன்று நான் காப்புக் கையோடு உங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வர முடியாமல் துடித்துப் போனேன்.

நேற்றுக் கும்பம் நடந்தது. கோயில் அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னாலேயே பூசாரியிடம் சொன்னேன், "பானையை என்னால் தூக்க முடியாது. பாரம் தூக்கினால் எனக்குச் சிறுநீர் போய்விடும்" என்று. அசோக் பக்கத்தில்தான் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பூசாரி விபூதித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுதாதான் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். "தூக்கறதுக்கு நாங்க கீறோம். நீ கிண்டு" என்றாள். வடிக்கும்போது சுதா ஒரு பக்கம், வடக்குத் தெரு யுவராணி ஒரு பக்கம் பிடித்தார்கள்.

புகையில் இருமினேன். நனைந்தது. கட்டியிருந்தது தாங்கிக்கொண்டது. சோறு எப்போதும்போல் வெந்தது. சன்னதியில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து குவித்தோம். திரும்பிப் பார்த்தால் அசோக் கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். உங்களை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "இத்தினி வருசம் தலவலின்னியே" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தூங்கப் போகும் முன் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

பயிற்சியை விடவில்லை. முழுசாக நிற்கவில்லை, ஆனால் அவசரம் குறைந்திருக்கிறது. நாளைக்குக் காப்பு அவிழ்த்ததும் முதல் பஸ்ஸில் வருகிறேன்.

மைதிலி


எல்லையம்மன் துணை
அண்ணனூர்
18.9.2025

மைதிலி,

தினமும் போனில் பேசுகிறோம், இது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீடு முழுக்க ஆள். கவிப்பிரியா பிள்ளையோடு இங்கேதான் இருக்கிறாள், பேத்தி விடாமல் அழுகிறாள். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதித்த ரிப்போர்ட் வந்தது. புற்று சுவரில் பாதிக்குமேல் இறங்கியிருக்கிறதாம், வெளியே தாண்டவில்லையாம். திங்கட்கிழமையிலிருந்து கரண்டு, அதான் ரேடியேஷன், வைக்கிறார்கள். "மாசியிலேயே வந்திருந்தா ஆபரேஷனோட முடிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன். "இருக்கலாம்மா. ஆனா ஆவணின்னு இருந்திருந்தா நான் இவ்ளோ தைரியமா பேசியிருக்க மாட்டேன்" என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். நீ அந்த முதல் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

நேற்றுப் பூசாரி வந்தார். பழம், பூ, குங்குமம் எல்லாம் கொண்டுவந்தார். உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு, "எல்லாம் நல்லதுக்குத்தான்மா. பையையே எடுத்துட்டாங்க. இனிமே உனக்குத் தீட்டுன்ற பேச்சே கெடையாது. அடுத்த ஆடியிலேர்ந்து ஆயுசுக்கும் கும்பம் உன் கையாலதான்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை போகிறவரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிறகு உள்ளே வந்தேன். கவிப்பிரியா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நம்ம வழக்கப்படி முப்பது நாள் தீட்டு என்று அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். நான்தான் போட்டு வைத்திருந்தேன். அவளுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. "எவ்ளோ போவுது? நாத்தம் கீதா? காய்ச்சல் கீதா?" என்று நான் இதுவரை ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் பட்டது. கேட்டேன். திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், எல்லாம் சொன்னாள். நல்லவேளை, பயப்பட ஒன்றுமில்லை. அவள் பாயைச் சுருட்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன்.

அவளையும் அவள் அண்ணனையும் சுமந்த பை அது மைதிலி. அது உள்ளே இருந்து வேலை செய்த நாளெல்லாம் நான் ஆகாதவள். நோய் பிடித்து அறுத்துப் போட்ட பிறகு ஆகிறவள். அம்மன் இப்படிக் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலையில் மாமாவை அனுப்பிப் பூசாரியிடம் சொல்லிவிட்டேன். நான் உயிரோடு இருந்தால் அடுத்த ஆடிக்குக் கும்பச் சோறு வடிக்கிறேன். ஆனால் பானைக்கு ஒரு பக்கம் கவிப்பிரியா பிடிப்பாள். அன்றைக்கு அவளுக்கு எந்த நாளாக இருந்தாலும் பிடிப்பாள். அதற்குச் சம்மதம் இல்லையென்றால் பானையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடட்டும்.

மாமா போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பூசாரி கேட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாராம். சுதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். மத்தியானம் அவள் இங்கே வந்தாள். பேத்தியை மடியில் வாங்கித் தூங்க வைத்தாள். எழுந்து போகும்போது என் காதருகே குனிந்து, "அந்த அம்பத்தூர் டாக்டரம்மா எந்தக் கெழமையில இருப்பாங்க?" என்று கேட்டாள்.

சாமுண்டி